பசியாறியாச்சா

பகாவ் பட்டணத்துக்கு வெளியே
செம்பனை ஆலை வாசலில்
பதினாறு வருடமாக எடைமேடைக் கிராணி நான்.
லோரி உள்ளே வரும்போது ஓர் எடை,
கொட்டிவிட்டுப் போகும்போது ஓர் எடை.
நடுவில் உள்ளதுதான் பழம்.
பத்துக் கிலோ கூட்டியோ குறைத்தோ
எவனுக்கும் எழுதியதில்லை.

தூக்கம் போன வருடம்
என்ன காரணம் என்று கிளினிக்கில் கேட்டார்கள்.
காரணம் இருந்தால் அதன்மேல்
கோபப்பட்டுக்கொண்டாவது இருப்பேனே.
யாரும் சாகவில்லை. யாரும் விட்டுப் போகவில்லை.
சும்மா ஒழுகியது,
சரியாக மூடாத குழாய்போல், ராத்திரி முழுக்க.

மலாய் டாக்டர் சின்னப் பெண். அன்பாகத்தான் பேசினாள்.
பத்துக் கட்டம் அச்சடித்த தாள் ஒன்று தந்தாள்.
நட. நீர் குடி. நான்கு எண்ணி மூச்சை இழு.
படுக்கும்முன் கைப்பேசியைத் தள்ளி வை.
நன்றி சொல்ல மூன்று விஷயம் எழுது.
செய்ததற்கெல்லாம் ஒரு டிக்.

எடைச்சீட்டில் பொய் எழுதாத இந்தக் கை
அந்தத் தாளில் பதினான்கு நாளும் எழுதியது.
நடக்காமலே நடந்தேன்.
நன்றிக்கு மூன்று: மழை, மகன், மீன்கறி.
மறுநாளும் மழை, மகன், மீன்கறி.
ஒரு சொட்டு மழை பெய்யாத மாதம் அது.

மிஸ்ஸி குணவதி தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"இவ்வளவு நல்லா இருக்கிற ஆளு
இங்க எதுக்கு வரணும்?"
பேனாவால் பத்துக் கட்டத்தையும் அடித்துவிட்டு
அடியில் தமிழில் எழுதினார்:
ஒரு நாளைக்கு ஒருத்தர்கிட்ட ஒரு உண்மை.
சின்னது போதும்.

மறுநாள் ஏழேகால். முதல் லோரி.
ஆரோக்கியம் அண்ணன்
(பேர்தான் அது, உடம்பு பூரா இனிப்புநீர்)
ஜன்னலில் தலையை நீட்டி, தினமும்போல,
"பசியாறியாச்சா?"

சாப்பிட்டிருந்தால் ஆச்சு. சாப்பிடாவிட்டாலும் ஆச்சு.
இந்த ஊரில் அது கேள்வியே இல்லை.
பெட்ரோல் நிலையத்தில், கோயில் வாசலில்,
சாவு வீட்டில்கூட
எல்லாருக்கும் எப்போதும் ஆச்சு.

"இல்லண்ணே," என்றேன்.
"நாலு நாளா காலையில எதுவும் எறங்கல."

பின்னால் இரண்டு லோரிகள் ஹாரன் அடித்தன.
அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.
எனக்கும்தான்.
திரையில் பச்சை எண்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.
இஞ்சினை அணைத்தார். டாஷ்போர்டைத் துழாவி
பாதி தின்ற நாசி லெமாக்கை நீட்டினார்.
"சோறு எனக்கு ஆகாதும்மா.
வீட்ல யாருக்கும் தெரியாம தின்னுக்கிட்டிருக்கேன்."

நின்றபடியே தின்றேன்.
நெத்திலிச் சம்பல் காரம். கண்ணில் நீர்.
காரம்தான்.
திரும்பிப் போகையில் அவர் லோரியை நிறுத்தேன்.
அரைப் பொட்டலச் சோறு இறங்கியது
எடைமேடைக்குத் தெரியவில்லை.
பத்துப் பத்துக் கிலோவாகத்தான்
அதற்கு எண்ண வரும்.

குணமாகிவிட்டது என்று எழுத மாட்டேன்.
புதன்கிழமை பசார் மாலாமில் மீன்காரனிடம்,
போன வாரக் கெம்போங் நாறியது என்றேன்.
மகனிடம், நீ கதவைச் சாத்திக்கொண்டால்
எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன்.
"ஏம்மா?" என்றான். தெரியாது என்றேன். அதுவும் உண்மை.
யாரும் கிடைக்காத நாளில்
காவல்கொட்டகை நாயிடம் சொல்கிறேன்.
அது கணக்கில் வருமா,
மிஸ்ஸியிடம் கேட்க வேண்டும்.

மூன்று மணிக்கு விழிப்பு இன்னும் வருகிறது.
இன்று வந்தபோது
ஆரோக்கியம் அண்ணன் முகம் நினைவுக்கு வந்தது.
மனிதர் ஒரு வாரமாக
என் பதிலுக்குப் பயந்துகொண்டே கேட்கிறார்.
இன்றைக்கு ஒருநாள் ஆச்சு என்று சொல்லலாம்.

சொன்னால் அது சரியான எடையாக இருக்க வேண்டுமே.
விளக்கைப் போட்டேன்.
இரண்டு ரொட்டியை வாட்ட வைத்துவிட்டு,
தே ஓவுக்குத் தண்ணீர் கொதிக்கும்வரை
அங்கேயே நின்றேன்.